எண்பது வருடத் துரு, ஐந்து ஸ்க்ரூ

கேள்வி: வணக்கம் சார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமான பிறகு அவருடைய பொருட்களை விற்றார்கள். அதில் இருந்த ஸ்மித் அண்ட் வெசன் விக்டரி மாடல் ரிவால்வரை, உரிமம் உள்ள கடை மூலமாக முறைப்படி வாங்கினேன். ஐந்து அங்குலக் குழல். பிடியின் அடியில் 'வி' என்ற எழுத்தோடு தொடங்கும் எண் இருக்கிறது. டிரிகரை இழுத்து விட்டால் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் மெதுவாகத் திரும்பி வருகிறது. உள்ளே சுத்தம் செய்யலாம் என்று வலது பக்கத் தகட்டைக் கழற்றப் பார்த்தேன். நான்கு ஸ்க்ரூவில் இரண்டு வந்துவிட்டன. முன்பக்கம் இருப்பது அசையவே இல்லை. திருப்புளி வழுக்கி, ஸ்க்ரூ தலையில் அது உட்காரும் பள்ளமான காடியின் ஒரு ஓரம் பிய்ந்துவிட்டது. மேல் மூலையில் உள்ளதும் வரவில்லை. டபிள்யூடி-40 அடித்து இரண்டு நாள் வைத்தும் பயனில்லை. டிரில் போட்டு, உள்ளே பிடித்துத் திருப்பி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை விட்டு எடுக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். டார்ச் வைத்துச் சூடாக்கச் சொல்கிறார் இன்னொருவர். எப்படியோ எடுத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் நல்ல ஸ்டெயின்லெஸ் ஆலன் ஸ்க்ரூவாக வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: முதலில் அந்தத் திருப்புளியைக் கீழே வையுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை தொட வேண்டாம். உங்கள் ரிவால்வர் எண்பது வருடத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறது. இன்னும் மூன்று வாரம் காத்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது.

டிரில், எக்ஸ்ட்ராக்டர், டார்ச், ஆலன் ஸ்க்ரூ, நான்குக்கும் என் பதில் 'வேண்டாம்'தான். டிரில்லுக்கு மட்டும் கடைசியில் ஒரு சின்ன இடம் உண்டு, அதை அங்கே சொல்கிறேன். ஆனால் ஒரு விஷயத்துக்கு உங்களைப் பாராட்ட வேண்டும். காடி பிய்ந்ததும் நிறுத்திவிட்டு எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர், நான்கு பக்கமும் பிய்த்து, தலை வட்டமாக ஆன பிறகுதான் வருவார்கள். மரை கழன்றது ஸ்க்ரூவுக்கா, இவருக்கா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

வேலைக்கு முன் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் வீட்டு அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. தினமும் வேலையைத் தொடங்கும்போது இதை மறுபடி செய்யுங்கள். நேற்றுப் பார்த்தோமே என்பது கணக்கில் வராது.

சாதாரணமாக இப்படி யாராவது எழுதினால், 'பக்கத்தகட்டைத் திறக்கவே வேண்டாம்' என்றுதான் சொல்வேன். பிடிக் கட்டைகளை எடுத்துவிட்டு, பெயிண்ட் கரைக்கும் மினரல் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்து, நன்றாக வடியவிட்டு, துளி எண்ணெய் விட்டால் முக்கால்வாசி ரிவால்வர்கள் சரியாகிவிடும். ஸ்க்ரூவைத் தொடாமல் தீர்கிற பிரச்சினையை ஸ்க்ரூவைத் தொட்டுப் பெரிதாக்குவானேன்?

உங்களுடையதில் மட்டும் கதை வேறு. அடியில் 'வி' என்ற எழுத்து இருக்கிறது என்கிறீர்கள். 1942-இல் இந்த வரிசை எண்கள் பத்து லட்சத்தைத் தொட்டதும், போர்க்கால உற்பத்திக்கு 'வி' போட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து ரிவால்வர்களில், கீழே விழுந்தால் சுத்தி முன்னே போய்த் தோட்டாவை அடித்துவிடாமல் தடுக்க ஒரு சின்னத் தடுப்பு உண்டு. அது பக்கத்தகட்டின் உள்பக்கம் பொருத்தப்பட்ட ஒரு வில் (ஸ்பிரிங்) தகடு. டிரிகர் இழுபடும்போது ஒதுங்கி, விட்டதும் திரும்ப வந்து நிற்க வேண்டும். 1944-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் விக்டரி மாடல் ஒன்று இரும்புத் தளத்தில் விழுந்து வெடித்து, ஒரு மாலுமி உயிரிழந்தார். உள்ளே கிரீஸ் இறுகிப்போனால் இந்தத் தடுப்பு தன் இடத்துக்குத் திரும்பி வராமல் நின்றுவிடும் என்பதுதான் அதன் பலவீனம். அதன் பிறகு நிறுவனம் வேறு வகைத் தடுப்பைக் கொண்டுவந்தது. அது உள்ள ரிவால்வர்களுக்கு 'எஸ்வி' என்று எண் தொடங்கும். உங்களுடையது வெறும் 'வி'. டிரிகர் மெதுவாகத் திரும்புகிறது என்றால் உள்ளே கிரீஸ் பிசினாகிக் கிடக்கிறது என்று அர்த்தம். அந்தத் தடுப்பும் அதே பிசினில்தான் இருக்கிறது. அதனால் இந்த ஒன்றைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். அதுவரை தோட்டா போட வேண்டாம்.

குழல் ஐந்து அங்குலம் என்று எழுதியதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்து அங்குலக் குழல் பிரிட்டனுக்கும் அதன் கூட்டு நாடுகளுக்கும் போன வகையில் அதிகம். அதற்கு உரிய தோட்டா .38 எஸ் அண்ட் டபிள்யூ, அதாவது பிரிட்டிஷார் .38/200 என்று அழைத்தது. அமெரிக்கப் படைகளின் .38 ஸ்பெஷல் அல்ல. போர் முடிந்து திரும்பி வந்த பலவற்றின் சிலிண்டரை யார் யாரோ குடைந்து ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி செய்துவிட்டார்கள். அப்படிப்பட்டதில் சுட்டால் தோட்டா உறை அடிப்பக்கம் புடைத்து, சில சமயம் பிளந்தே வரும். ஸ்க்ரூ வேலை முடிந்ததும் சிலிண்டரைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்து அளந்து பாருங்கள்.

சரி, ஸ்க்ரூவுக்கு வருவோம்.

இந்த வேலையில் நான் எப்போதும் மனதில் வைத்திருக்கும் வரிசை ஒன்று உண்டு. ஸ்க்ரூ போனால் வேறு ஸ்க்ரூ கிடைக்கும். பக்கத்தகடு போனால் கஷ்டம். ஒவ்வொரு தகடும் அந்தந்தச் சட்டத்தோடு, அதாவது ரிவால்வரின் உடலான ஃபிரேமோடு, சேர்த்து இழைக்கப்பட்டது, இன்னொன்றை வாங்கிப் பொருத்த முடியாது. சட்டத்தில் இருக்கும் மரை போனால் ரிவால்வரே போன மாதிரி. ஆகவே யாராவது பலியாக வேண்டும் என்றால் அது ஸ்க்ரூவாக இருக்கட்டும். நீங்கள் செய்யப்போகும் எந்தக் காரியமும் சட்டத்துக்கு ஆபத்தாகத் தோன்றினால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

உங்கள் காடி ஏன் பிய்ந்தது? ஸ்க்ரூ இறுகியிருந்தது பாதிக் காரணம். மீதிப் பாதி உங்கள் திருப்புளி. வீட்டில் இருக்கும் சாதாரணத் திருப்புளியின் முனையைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆப்பு மாதிரி, கீழே மெலிந்து மேலே தடித்திருக்கும். துப்பாக்கி ஸ்க்ரூவின் காடியோ நேர்ச் சுவர்கள் கொண்டது. ஆப்பை அதற்குள் வைத்தால் காடியின் மேல் விளிம்பில் மட்டும்தான் படும். அழுத்தித் திருப்பினால் முனை மேலே ஏறும். ஏறும்போது விளிம்பைக் கிழித்துக்கொண்டு ஏறும். ஸ்விட்ச் போர்டு ஸ்க்ரூவுக்கு இது போதும், இங்கே போதாது.

உங்களுக்கு வேண்டியது முனையின் இரண்டு பக்கமும் இணையாக இருக்கும்படி குழித்துச் சாணை பிடித்த திருப்புளி. அமெரிக்காவில் துப்பாக்கி வேலைக்கென்றே இந்த முனைகளைப் பெட்டியாக விற்கிறார்கள். அயோவாவின் பிரவுனெல்ஸ் கடையில் தனித்தனி முனைகளாகவும் கிடைக்கும். வாங்கும்போது இரண்டு அளவு பார்க்க வேண்டும். தடிமன், காடிக்குள் ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்து அடியைத் தொட வேண்டும். அகலம், ஸ்க்ரூ தலையின் குறுக்களவை எட்ட வேண்டும். ஒரு முடி அளவுகூட அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தகட்டில் வட்டமாகக் கோடு விழும், அந்தக் கோடு காலத்துக்கும் போகாது. காடியின் அகலத்தை அளக்க, ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் போதும்.

சரியான அளவு கிடைக்கவில்லை என்றால் கொஞ்சம் பெரிய முனையை வாங்கி எண்ணெய்க் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். கோயம்புத்தூர் லேத் பட்டறையில் பழகிய கை, கடையில் வாங்கிய எந்த முனையையும் அப்படியே நம்பாது. கிரைண்டரில் செய்தால் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். முனை நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போய்விட்டது, அது இனி வளையும்.

அடுத்தது எண்ணெய். டபிள்யூடி-40 மேல் குறை சொல்வதற்கில்லை, அதன் வேலை வேறு. 1953-இல் சான் டியேகோவில் அதை உருவாக்கியவர்கள் ஏவுகணையின் உலோகத்திலிருந்து ஈரத்தை விலக்கத்தான் உருவாக்கினார்கள். நீரை விலக்கும் கலவை, நாற்பதாவது முயற்சி என்பதுதான் பெயரின் விளக்கமே. துருப்பிடித்த மரைக்குள் ஊடுருவிப்போக அதற்கென்றே உள்ள எண்ணெய் வேண்டும். கிராயில் என்ற எண்ணெய் எனக்குப் பழக்கமானது. கார் மெக்கானிக்குகள் அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சரிபாதி கலந்து பயன்படுத்துவார்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், வீட்டுக்குள் வைத்துச் செய்கிற காரியமில்லை.

எண்ணெய் விடுவதற்கு முன் பிடிக் கட்டைகளை எடுத்துவிடுங்கள். வால்நட் மரம் எண்ணெயைக் குடித்துக் கறுத்துவிடும். எடுக்கும்போதும் நிதானம் வேண்டும். நெம்பாதீர்கள். கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை நாலைந்து சுற்றுத் தளர்த்திவிட்டு, அதன் தலையில் திருப்புளிப் பிடியால் லேசாகத் தட்டினால் எதிர்ப்பக்கக் கட்டை தானாக விலகும். வலது கட்டையின் உள்பக்கத்தில் ரிவால்வரின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அடியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் உங்கள் ரிவால்வரின் மதிப்பு இப்போதே கொஞ்சம் கூடிவிட்டது.

இப்போது ஸ்க்ரூ தலையைச் சுற்றிக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் ஒரு சின்ன வரப்புக் கட்டுங்கள். வயலுக்குக் கட்டுகிற மாதிரிதான், அளவு மட்டும் கடலைப் பருப்பு. ரிவால்வரை இடது பக்கம் படுக்கவைத்து அந்த வரப்புக்குள் இரண்டு சொட்டு விடுங்கள். வழிந்து ஓடாமல் அங்கேயே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும்.

முன்பக்க ஸ்க்ரூவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அது தகட்டை மட்டும் பிடித்திருக்கவில்லை. சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கையை, யோக் என்பார்கள், அதையும் அதுதான் நழுவாமல் நிறுத்துகிறது. ஸ்க்ரூவின் நுனி யோக்கின் தண்டில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். ஆகவே சிலிண்டரைத் திறந்து, யோக் சட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் எண்ணெய் விட்டால், அது ஸ்க்ரூவின் நுனிப் பக்கமாகப் போய்ச் சேரும். மேலிருந்து ஒரு வழி, அடியிலிருந்து ஒரு வழி. தினமும் விட்டுவிட்டு, சிலிண்டரைப் பத்துப் பதினைந்து முறை மெல்லத் திறந்து மூடுங்கள். இந்த ஒரு காரியத்திலேயே பல முன்பக்க ஸ்க்ரூக்கள் இளகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

குறைந்தது ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். தினமும் ஒருமுறை, பொருத்தமான முனையைக் காடியில் செங்குத்தாக வைத்து, சின்னச் சுத்தியலால் அதன் மேல் இருபது முப்பது தட்டுத் தட்டுங்கள். ஆணி அடிப்பதுபோல் அல்ல, கதவைத் தட்டுவதுபோல். அடியில் தோலோ மரமோ வைத்துத் தாங்க வேண்டும். துரு என்பது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள், அதனால்தான் ஸ்க்ரூ இறுகுகிறது. நொறுங்கும் பொருளும்கூட. தட்டும்போது அதில் விரிசல் விழும், விரிசலில் எண்ணெய் இறங்கும்.

பிய்ந்த காடியையும் இந்த வாரத்திலேயே சீராக்கிவிடுங்கள். பலர் செய்கிற தவறு, பிய்ந்து எழும்பி நிற்கும் உலோகத்தை அரத்தால் ராவி எடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் காடி ஒரு பக்கம் அகலமாகவே நின்றுவிடும். எழும்பி நிற்கும் உலோகம் எங்கும் போய்விடவில்லை, தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைத் திரும்பத் தன் இடத்துக்கே அனுப்ப வேண்டும். மெல்லிய பித்தளைத் தகட்டில் ஸ்க்ரூ தலை அளவுக்குத் துளை போட்டு, அதைத் தலையைச் சுற்றிக் கவசமாக வையுங்கள். தட்டை முனை உள்ள சின்ன 'பஞ்ச்' என்ற எஃகுக் கருவியை அந்த மேட்டின் மீது வைத்து லேசாகத் தட்டித் தட்டிக் காடிப் பக்கமாகச் சாயவிடுங்கள். மெழுகை விரலால் தள்ளுவதுபோல் மெல்ல நகரும். பிறகு காடி அரத்தால் உள்ளே இரண்டே இழுப்பு. சுவர்கள் மறுபடி நேராகிவிடும். முனை இறுக்கமாக உட்கார்ந்தால் போதும், அழகு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாரம் முடிந்ததும் திருப்பிப் பார்க்கலாம். இங்கேதான் என் தொழிலின் மிகப் பயனுள்ள தந்திரம் ஒன்றைச் சொல்லப்போகிறேன். கையால் திருப்பாதீர்கள். மேஜையில் நிற்கும் பெஞ்ச் டிரில் உங்களிடமோ நண்பரிடமோ இருக்கிறதா? எக்ஸ்ட்ராக்டர் யோசனை சொன்ன நண்பரிடம் இருக்கும் என்று நினைக்கிறேன், அவருடைய டிரில்லை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துவோம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திருப்புளி முனையை டிரில்லின் சக்கில், அதாவது முனையைக் கவ்விப் பிடிக்கும் வாயில், பொருத்துங்கள். ரிவால்வரைத் தோல் வைத்த வைஸில், ஸ்க்ரூ நேர் கீழே வருமாறு அசையாமல் பிடியுங்கள். டிரில்லின் கைப்பிடியை இழுத்து முனையைக் காடிக்குள் இறக்கி, நன்றாக அழுத்தம் கொடுத்து அப்படியே பூட்டிவிடுங்கள். இப்போது சக்கைக் கையால் திருப்புங்கள். முனை மேலே ஏற முடியாது, சாயவும் முடியாது. உங்கள் பலம் முழுவதும் திருப்புவதற்கு மட்டுமே போகும். கையால் திருப்பும்போது பாதி பலம் அழுத்துவதற்கும், கால் பலம் நேராக வைத்திருப்பதற்கும் போய்விடுகிறது, மிச்சத்தில்தான் திருப்புகிறோம்.

முதல் அசைவு கழற்றும் திசையில் இருக்க வேண்டாம். இறுக்கும் திசையில் மயிரிழை அளவு கொடுத்துப் பாருங்கள். பிறகு எதிர்த்திசை. மறுபடி இறுக்கு, மறுபடி தளர்த்து. துருவின் பிடி உடையும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். எத்தனை வருடம் ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஒரு சந்தோஷம். சத்தம் வந்ததும் முழுவதும் கழற்றிவிடாதீர்கள். கால் சுற்றுத் தளர்த்தி, எண்ணெய் விட்டு, திரும்ப இறுக்கி, அரைச் சுற்றுத் தளர்த்தி, இப்படியே வெளியே கொண்டுவாருங்கள். துருத்தூள் மரையைக் கடித்துக்கொண்டு வராமல் இருக்கத்தான் இது.

இதற்கும் மசியவில்லை என்றால் சூடு. டார்ச் அல்ல, சால்டரிங் அயர்ன். டார்ச்சின் நெருப்பு ஸ்க்ரூவோடு நிற்காது, சட்டத்தையும் நக்கிப் பார்க்கும். எஃகு 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறமாகும், 300-ஐ நெருங்கும்போது நீலமாகும். அந்த நிறம் வந்த இடத்தில் பழைய பூச்சு தனியாகத் தெரியும், பதத்துக்கும் உத்தரவாதம் இல்லை. சால்டரிங் அயர்னின் நுனியை ஸ்க்ரூ தலையில் மட்டும் வைத்து இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். சுற்றிலும் உள்ள சட்டத்தில் கை வைக்க முடியாத அளவு சூடு ஏறினால் எடுத்துவிடுங்கள். ஆறவிட்டு எண்ணெய், பிறகு மறுபடி சூடு. விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கித்தான் அது இளக வேண்டும். சூடு வைப்பதற்கு முன் மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். அசிட்டோன் கலவை பயன்படுத்தியிருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இனி எக்ஸ்ட்ராக்டர். இதை அனுபவித்துச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் பழைய ரிவால்வரில் இதே மாதிரி ஒரு ஸ்க்ரூ. நடுவில் துளை போட்டு எக்ஸ்ட்ராக்டரை விட்டுத் திருப்பினேன். அது உள்ளேயே உடைந்தது. எக்ஸ்ட்ராக்டர் கடினமான எஃகு, சாதாரண டிரில் அதில் இறங்காது. முன்பு துருப்பிடித்த ஸ்க்ரூ ஒன்றுதான் இருந்தது. இப்போது அதற்குள் கண்ணாடி மாதிரி ஓர் எஃகுத் துண்டும் சேர்ந்துகொண்டது. கடைசியில் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் வைத்திருந்த ஒரு பட்டறையில் கொடுத்து, மின்பொறியால் அரித்து எடுத்தார்கள். அந்த வேலையில் எனக்கு வர வேண்டிய கூலியைவிட மூன்று மடங்கு நான் கொடுத்தேன். இவ்வளவு சின்ன ஸ்க்ரூவில் எக்ஸ்ட்ராக்டரின் தடிமன் ஊசி அளவுதான் இருக்கும், உடையாமல் என்ன செய்யும்?

டிரில்லுக்கு உரிய இடம் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அது இது. காடி முழுவதும் போய்விட்டது, வேறு வழியே இல்லை என்றால், ஸ்க்ரூவை அல்ல, ஸ்க்ரூவின் தலையை மட்டும் டிரில் செய்து எடுக்கலாம். தண்டின் தடிமன் அளவுள்ள டிரில், நடுமையம் பிசகாமல், தலையின் ஆழம் வரை மட்டும். தலை கழன்றதும் பக்கத்தகடு விடுபட்டுவிடும். தகட்டை எடுத்த பிறகு, அதற்குள் மறைந்திருந்த தண்டு சட்டத்துக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். இழுவிசை போய்விட்டதால் பாதி இளகியும் இருக்கும். எண்ணெய் விட்டு, மெல்லிய தண்டுகளைக் கவ்வும் சின்ன 'பின் வைஸ்' கருவியால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். இடப்பக்கமாகச் சுற்றும் டிரில் கிடைத்தால் இன்னும் நல்லது, சில சமயம் துளை போடும்போதே ஸ்க்ரூ சுழன்று வெளியே வந்துவிடும். ஆனால் மையம் பிசகினால் தகட்டின் குழிவு போய்விடும். கை பழகாதவர்கள் இந்த ஒரு கட்டத்தைக் கன்ஸ்மித்திடம் விட்டுவிடுவதுதான் நல்லது.

நான்கும் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். கழற்றிய ஒவ்வொன்றையும், ரிவால்வரின் வெளிக்கோட்டை வரைந்த ஓர் அட்டையில் அதனதன் இடத்தில் துளை போட்டுக் குத்தி வையுங்கள். முன்பக்கத்தது மற்ற மூன்றோடு மாறவே கூடாது. அதன் நுனி யோக்குக்கு ஏற்ப இழைக்கப்பட்டது. பிடிக் கட்டைக்கு அடியில் மறைந்திருப்பதன் தலை தட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் கட்டை உட்காராது. ஐந்தாவது, டிரிகர் காப்பு வளையத்துக்கு முன்னால் இருப்பது. அதைத் தகட்டுக்காகக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அதன் பின்னால் ஒரு சின்ன வில்லும் ஊசியும் இருக்கின்றன, அதுவும் துருப்பிடித்துத் தெரிந்தால் எண்ணெய் மட்டும் விட்டு அப்படியே விடுங்கள். வராத ஸ்க்ரூவெல்லாம் வந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை.

தகட்டை எக்காரணம் கொண்டும் நெம்பாதீர்கள். சிலிண்டரையும் யோக்கையும் முன்பக்கமாக உருவிவிட்டு, தகடு மேலே பார்க்கும்படி ரிவால்வரைத் தளர்வாகப் பிடித்து, பிடிச் சட்டத்தில் சுத்தியலின் மரப்பிடியால் தட்டுங்கள். அதிர்வில் தகடு தானே எழும்பி வரும். நெம்பி எடுத்த தகடு திரும்பப் போடும்போது மயிரிழை இடைவெளி விட்டே உட்காரும். வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான், இரண்டாவதாக ஸ்க்ரூ காடிகளை.

உள்ளே பார்த்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மினரல் ஸ்பிரிட், பழைய பல்துலக்கி, பல் குத்தும் குச்சி, இவை போதும். தகட்டின் உள்பக்கம் இருக்கும் அந்தத் தடுப்பு வில்லைக் கழற்றாமல், அது தடையில்லாமல் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். தகடு இல்லாத நிலையில் சுத்தியை இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் முளைகளுக்கு மறுபக்கத் தாங்கல் அந்தத் தகடுதான், அது இல்லாமல் பாரம் கொடுத்தால் முளை வளையும், உடையவும் செய்யும். டிரிகருக்குப் பின்னால் இருக்கும் பெரிய வில்லைத் தொட்டால் அது அறையின் எந்த மூலைக்குப் பறந்தது என்று தேட வேண்டிவரும்.

இப்போது உங்கள் ஆலன் ஸ்க்ரூ. முதலில், பொருந்தாது. இவை நெருக்கமான மரை கொண்ட, இந்த வேலைக்கென்றே செய்த ஸ்க்ரூக்கள், ஹார்டுவேர் கடையின் வழக்கமான அளவுகளில் வராது. 'கிட்டத்தட்டப் பொருந்துகிறதே' என்று ஒன்றை முறுக்கினால் அது சட்டத்தின் மரையைத் தன் மரைக்கு மாற்றிவிடும். மேலே நான் சொன்ன வரிசையில் மிகக் கடைசியாகப் போக வேண்டியது முதலிலேயே போய்விடும். அப்படியே பொருந்தினாலும், 1940-களின் மங்கிய கருஞ்சாம்பல் ரிவால்வரில் பளபளக்கும் ஆலன் தலை, வேட்டிக்கு மேல் டை கட்டிய மாதிரி இருக்கும்.

உங்களுடையதில் காடி சீராகி, மரை நன்றாக இருந்தால், பழையதையே போடுங்கள். கொஞ்சம் காயம் தெரியும்தான், பரவாயில்லை. புத்தம்புதிய ஸ்க்ரூவைவிடக் காயம் பட்ட அசல் ஸ்க்ரூவுக்கே சேகரிப்பாளர்கள் மதிப்புக் கொடுப்பார்கள். போட முடியாத நிலை என்றால், அதே மாடலின், அதே காலத்து, ஐந்து ஸ்க்ரூ ரிவால்வரின் பழைய ஸ்க்ரூவாகத் தேடுங்கள். 1950-களின் நடுவில் மேல் மூலை ஸ்க்ரூவையே நிறுவனம் விட்டுவிட்டது, அதனால் பிற்காலத்து உதிரிகளில் அது கிடைக்காது. நியூயார்க் மாநிலத்தின் நியூம்ரிச் போன்ற பழைய உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள். முன்பக்க ஸ்க்ரூவை மட்டும் வாங்கி அப்படியே போட்டுவிட முடியாது. நுனி நீளமாக இருந்தால் யோக் இறுகும், குட்டையாக இருந்தால் ஆடும். கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, சிலிண்டர் தாராளமாகத் திறந்து மூடும் வரை பார்க்க வேண்டும். கழற்றிய பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். சின்ன உறையில் போட்டு ரிவால்வர் எண்ணை எழுதி வையுங்கள்.

திரும்பப் போடும்போது மரையில் ஒரு துளி எண்ணெய். மரையை ஒட்டிவிடும் சிவப்பு லாக்டைட் பசை வேண்டவே வேண்டாம், அடுத்த எண்பது வருடம் கழித்து இன்னொருவர் எனக்கு எழுத வேண்டிவரும். இரண்டு விரலால் திருப்புளியைப் பிடித்து இறுக்கும் அளவு போதும். ஒரு விதிவிலக்கு, பிடியின் முன்பக்க ஓரத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூ. முக்கிய வில்லை அழுத்திப் பிடித்திருப்பது அது. டிரிகர் லேசாகட்டும் என்று அதைத் தளர்த்தி வைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. சுத்தியின் அடி பலவீனமாகி, தோட்டா சில சமயம் வெடிக்கும், சில சமயம் வெடிக்காது. அதை முழுவதுமாக இறுக்கியே வையுங்கள்.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாத்தாவின் வெப்ளி ரிவால்வரோ வேறெதுவோ உரிமத்தோடு வீட்டில் இருந்தாலும், மேலே சொன்னதை நீங்களே செய்ய வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதும் உரிமம் வாங்கிச் செய்ய வேண்டிய தொழில். உரிமம் பெற்ற கடையில் கொடுங்கள். எண்ணெய் விட்டுக் காத்திருப்பது மட்டும் எந்த ஊரிலும் தப்பில்லை.

ஒஹாயோ நண்பரே, மூன்று வாரம் கழித்தும் முன்பக்க ஸ்க்ரூ அசையவில்லை என்றால் பக்கத்தில் ஒரு கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள். போகும்போது இதுவரை என்னென்ன செய்தீர்கள், எந்த எண்ணெய், எத்தனை நாள், எங்கே சூடு வைத்தீர்கள், காடியைப் பிய்த்தது யார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 'வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது' என்று தொடங்காதீர்கள். புதிதாகப் பிய்ந்த உலோகம் பளபளவென்று இருக்கும், அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.